ஒரு கயிறு அறுந்தால் கட்டில் என்ன ஆகும்?

மைசூருவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சுனில் சேத்ரி ஓய்வு பெற்றதும் இந்தியக் கால்பந்து அணி படுத்துவிட்டது என்கிறார்களே, ஒரே ஆள் போனால் ஓர் அணி இப்படிச் சரியுமா?" சேத்ரி ஆடும் பெங்களூரு எஃப்.சி.யின் மைதானம் அவருக்கு ஒரு ரயில் பயணத் தூரம்தான். அக்கறை புரிகிறது.

முதலில் கணக்கு. 2024இல் இந்தியா 11 ஆட்டங்கள் ஆடியது, ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துடன் கோலே விழாமல் முடிந்தது சேத்ரியின் விடைபெறும் ஆட்டம். அதையும் சேர்த்து அந்த ஆண்டு அவர் ஆடிய ஆறு ஆட்டங்களில் இந்தியா அடித்தது ஒரே கோல். அதுவும் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக அவரே அடித்த பெனால்டி. அவர் இல்லாத ஐந்து ஆட்டங்களில் மூன்று கோல்! 'சேத்ரி இல்லாத வெற்றிடம்' என்று தலைப்புப் போட்டவர்கள் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதற்காக அவர் போனதே நல்லது என்று நான் எழுதினால் அதுவும் பிதற்றல்தான். ஐந்தாறு ஆட்டங்களின் கோல் கணக்கில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகப் பெரிது.

ஆகவே ஸ்கோரை விட்டுவிட்டுப் பந்து போகும் வழியைப் பார்ப்போம். யார் யாருக்கு எத்தனை பாஸ் கொடுத்தார் என்று கோடு கிழித்தால் கயிற்றுக் கட்டில் மாதிரி ஒரு பின்னல் கிடைக்கும். கட்டிலில் ஓர் இழை அறுந்தால் பக்கத்து இழைகள் அதன் பாரத்தையும் வாங்கித் தொய்யும். அவற்றுக்குப் பக்கத்தில் உள்ளவையும் தொய்யும். தாத்தா எந்த ஓரத்தில் படுத்தாலும் நடுராத்திரியில் உருண்டு பள்ளத்துக்கு வந்துவிடுவார். எதிரணியும் அந்தத் தாத்தாதான். என்ன, இவர் விழித்துக்கொண்டே உருளுவார்.

சந்தேஷ் ஜிங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில், ஆசியக் கோப்பையில் சிரியாவுடன் ஆடும்போது முழங்காலில் அடிபட்டது. நவம்பரில் ஹைதராபாத்தில் மலேசியாவுடன் நடந்த ஆட்டத்தில்தான் திரும்பினார். இப்படி ஒரு நம்பகமான சென்டர் பேக் இல்லாதபோது என்ன நடக்கும்? அவருக்கு ஜோடியாக நின்றவர் ஏறிப்போய்ப் பந்தைப் பறிக்கத் தயங்குவார். முதுகுக்குப் பின்னால் நிற்கும் புது ஆள்மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை. தடுப்பு வரிசை நாலடி பின்வாங்கும். நடுக்களத்துக்கும் அதற்கும் இடையில் சந்து விழும். அதை அடைக்க நடுக்களத்தில் ஒருவர் இறங்குவார். ஃபுல் பேக் ஓரமாக ஓடுவதை நிறுத்திவிடுவார். கடைசியில் பந்தே வராமல் தனியாகக் கைவிரித்து நிற்பது ஸ்ட்ரைக்கர். 'கோல் அடிக்கத் தெரியாதவன்' என்று வசவு வாங்குவதும் அவர்தான். இழை அறுந்ததோ ஐம்பது மீட்டர் பின்னால்!

வரலாறு வேண்டுமென்றால்: 1977 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தின் பாஸ்களை வைத்து கூல்ட், கேட்ரல் என்ற இரண்டு புவியியலாளர்கள் இப்படியொரு ஆய்வு செய்தார்கள். போதும். 2012இல் தாமஸ் கிரண்ட் வெளியிட்ட ஆய்வுதான் சுவையானது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் 23 அணிகள், 2,83,259 பாஸ்கள். நிறைய பாஸ் கொடுத்து ஆடிய அணிகள் தேறின; எல்லாவற்றையும் ஓரிருவர் வழியாகவே அனுப்பிய அணிகள் சறுக்கின. அந்த ஓரிருவர் களத்தில் இருக்கும்போதே இந்தக் கதி என்றால், அவர்கள் போனபின் கேட்கவா வேண்டும்?

இன்ன வீரர் போனால் இத்தனை புள்ளி நஷ்டம் என்று தசமத்தோடு சொல்லும் மென்பொருள்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆள் மாறும்போது மற்றதெல்லாம் அப்படியே இருப்பதில்லை. சேத்ரி விலகிய அதே ஜூனில் பயிற்சியாளர் ஸ்டிமாச்சும் நீக்கப்பட்டார். அடுத்து மனோலோ மார்க்கெஸ் வந்தார். எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது?

2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் சேத்ரி திரும்பி வந்தார். மாலத்தீவை இந்தியா 3-0 என்று வென்றது. அவரும் ஒரு கோல் அடித்தார். மீட்பர் வந்துவிட்டார் என்று ஒரே ஆரவாரம். ஆறு நாள் கழித்து அதே மைதானத்தில், அதே சேத்ரியோடு, வங்கதேசத்துக்கு எதிராக ஒரு கோல்கூட விழவில்லை.