பனிக்கால ஓசூரில் ஒரு குடில்

கடல்மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில், மார்கழி வைகறையில் இராமநாயக்கன் ஏரி பனிக்குள் மறைந்து கிடக்கும். கிருஷ்ணகிரிச் சிற்றூர்களிலோ, தைப் பொங்கலையொட்டி எருது விடும் விழாவிற்கு ஊரே திரளும்.

1970களில் சிப்காட் வந்தபின் தொழிலுக்காக இங்குக் குடியேறிய நம்மில் பலர், ஷிப்டு வேலையால் அடுத்த வீட்டாரையும் அறிவதில்லை.

1223இல் புனித அசிசி பிரான்சிஸ் கிரேச்சோ சிற்றூரில் அமைத்த குடிலில் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் இருந்தன. ஊரார் தீப்பந்தங்களுடன் வந்து கூடினர்.

ஆகவே, அன்புப் பெற்றோரே, இவ்வாண்டு கடைக்குடில் வேண்டாம். உழவர் வீட்டில் கேழ்வரகுத் தாள் கேட்டுப் பெறுவோம். பிள்ளைகள் களிமண்ணில் உருவங்கள் செய்யட்டும். தெலுங்கோ கன்னடமோ பேசும் அயலாரையும் குடில் காண அழைப்போம். அவர்கள் நம் வாசலில் நிற்கும்போதுதான் நமது குடில் நிறைவுறும்.