எல்லை நிலத்துப் புள்ளினம்

தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுங்கால் தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் சேர்த்துரைத்தார். அகத்திணையியலில் மேலும் ஒரு செய்தி கூறுகிறார். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் தோன்றுமாயின், அவை வந்த நிலத்துக்கே உரியனவாகக் கொள்ளப்படும் என்பது அது. செய்யுள் வழக்குக்காகச் சொல்லப்பட்ட இவ்விதியை வகுப்பறையில் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலிருந்து மேற்கே கல்வராயன் மலையை நோக்கிச் செல்வோமாயின், இது கண்முன்னே மெய்யாவதைக் காணலாம். 2024 ஜூன் திங்களில் நச்சுச் சாராயத்தால் பல உயிர்களை இழந்து, நாடெங்கும் பேசப்பட்ட ஊர் அது. துயரத்தோடு மட்டுமே அவ்வூர்ப் பெயர் நினைக்கப்படுவது நமக்கு உடன்பாடன்று.

கோமுகி ஆற்றை ஒட்டிய வயல்களில் கொக்கும் ஆட்காட்டியும் உலவும். கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்தால் சூரை, காரை, கள்ளி மண்டிய முட்புதர்க் காடு வரும். கௌதாரி, காடை, பனங்காடை, தவிட்டுக்குருவி ஆகியவற்றின் வீடு அது. அதன்மேல் பாறைச் சரிவும், அதற்கும் மேல் இலையுதிர் காடும் வெள்ளிமலைப் பக்கம் விரிகின்றன. அங்கே காட்டுக்கோழி கூவும், மரங்கொத்தி தட்டும்.

இவற்றுள் பறவை காண்போர்க்கு வளமிக்க இடம் காட்டின் நடுவன்று. காடும் புதரும் கூடும் விளிம்பே ஆகும். காரணம் எளிது. காட்டில் மறைவு உண்டு. வெளியில் இரை உண்டு. கரிச்சான் விளிம்பு மரத்தின் நுனியில் அமர்ந்து, வெளியில் பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்து மீண்டும் அதே கிளைக்குத் திரும்பும். இரு நிலத்தின் பயனையும் ஒருங்கே பெறும் உயிர்கள் விளிம்பில் திரளுகின்றன.

தொலைவிலிருந்து வருவனவும் உள. ஆறுமணிக் குருவி எனப்படும் பல வண்ணப் பறவை இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தமிழகம் வருகிறது. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூவுவதால் அப்பெயர். பெயரிட்டவர் எவரென்று தெரியாது. ஆயினும் கூர்ந்த செவியுடையவர் என்பதில் ஐயமில்லை. நெடும்பயணத்தால் களைத்து வீட்டுக்குள் விழும் இக்குருவியை நம் மக்கள் பலர் கண்டிருப்பர். வந்த நிலத்துக்கே உரியது என்னும் விதிக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இடம்பெயராது எல்லையிலேயே வாழ்வதும் ஒன்று உண்டு. மஞ்சள் தொண்டைச் சின்னான் என்னும் அக்கொண்டைக்குருவி இனத்தை 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்டன் என்னும் மருத்துவர் அறிவியலுலகுக்கு அறிமுகம் செய்தார். தென்னிந்தியாவில் அன்றி உலகில் வேறெங்கும் இஃது இல்லை. புதர் மூடிய பாறைக் குன்றுகளே இதன் உறைவிடம். கல்வராயனை அடுத்த சேர்வராயன், சித்தேரி மலைகளில் 1929-ஐ ஒட்டி நடந்த வெர்னே ஆய்வுக் குழுவினர் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளை முறையாகத் தொகுத்தனர். இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இச்சின்னான் அழிவுக்கு ஆட்படக்கூடிய இனமாக உள்ளது. கல் உடைப்பதும் புதரை அழிப்பதும் அதற்குக் காரணங்கள்.

புதர் நிலத்தை நாம் தரிசு என்கிறோம். அரசு வெளியிடும் தரிசுநில வரைபட நூலிலும் புதர்க்காடு ஒரு வகைத் தரிசாகவே எண்ணப்படுகிறது. அந்நிலத்தைச் சீர்திருத்துவதாக எண்ணி ஒரே இன மரத்தை வரிசையாக நட்டுவிட்டால் கௌதாரிக்கு இடமேது? மேலும், காடு தன்னைத் தானே பரப்புவதும் இப்பறவைகளால்தான். கொண்டைக்குருவியும் குயிலும் சந்தனப் பழத்தை உண்டு விதையை வேறிடத்தில் இடுகின்றன. சந்தனத்துக்குப் பெயர்பெற்ற கல்வராயனுக்கு இது சிறு உதவியன்று. அயல்நாட்டு உன்னிச்செடியையும் அவையே பரப்புகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். பறவை நன்செடி, களை என்று பார்ப்பதில்லை.

பறவை காண்பதற்குப் பெருஞ்செலவு வேண்டா. விடியற்காலை, அமைதி, ஒரு குறிப்பேடு, இயலுமாயின் ஓர் இருநோக்கி போதும். சாலிம் அலி (1896–1987) சிறுவனாக இருந்தபோது தாம் சுட்ட மஞ்சள் தொண்டைச் சிட்டின் இனம் அறிய விரும்பிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அவ்வினாவே அவரை இந்தியப் பறவையியலின் முதல்வராக்கியது. 1941-இல் அவரது இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் சுடுவதும் கண்ணி வைப்பதும் குற்றம். வினா எழுப்புவதற்குத் தடையில்லை.

தமிழ்த்துறையினர்க்கு இதில் தனிப்பணி ஒன்று காத்திருக்கிறது. க. ரத்னம் தமிழ்நாட்டுப் பறவைகளின் பெயர்களைத் தொகுத்து நூலாக்கினார். கல்வராயன் மலையாளிப் பழங்குடி மக்களிடமும் அடிவார ஆட்டிடையரிடமும் வழங்கும் பெயர்களைக் கேட்டெழுதினால் அத்தொகை மேலும் விரியும். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாள்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடமேனும் நின்று, கண்டவற்றையும் கேட்டவற்றையும் எண்ணி இணையத்தில் பதிவு செய்யலாம். கோமுகி அணைக் கரையில் அவ்வாறு நிற்கும் மாணவர், பறவையின் எண்ணிக்கைக்கு அருகில் ஆடு மேய்க்கும் பெரியவர் சொன்ன பெயரையும் தம் ஏட்டில் குறித்துக்கொள்ளட்டும்.