தாழ்ந்த வண்டிக்குப் புதுச் சட்டம்

தமிழில் ‘சட்டம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கட்டில் சட்டம், படச்சட்டம் என்று வீட்டில் சொல்லுகிறோமே, அது ஒன்று. கோர்ட்டு கச்சேரியில் பேசப்படுவது மற்றொன்று. நான் எழுத எடுத்துக்கொண்ட விஷயத்தில் இரண்டுமே வந்து சேருகின்றன.

அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், பழைய பிக்கப் வண்டிகளைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதற்காக வண்டியின் அடிச்சட்டத்தையே புதிதாகச் செய்து போடுகிறார்கள். நம்ம லாரிப் பட்டறையில் ‘சேஸ்’ என்பார்களே, அதுதான். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கினால் போதாதா என்று கேட்கலாம். ஓரிரண்டு அங்குலத்துக்குப் போதும். அதற்கு மேல் இறக்கினால் பின் அச்சு மேலெழும்பிச் சட்டத்தில் மோதும். சக்கரம் ஏறி இறங்க இடமே இருக்காது. ஆகவே அச்சு இருக்குமிடத்தில் சட்டம் வளைந்து அதற்கு மேலே தாண்டிப் போக வேண்டும். வேலையின் சாரமே இந்தத் தாண்டல்தான்.

1967 முதல் 1972 வரை வந்த செவ்ரலே சி-10 வண்டியை உதாரணமாகக் கொள்வோம். அதன் குட்டை ரகத்தில் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 115 அங்குலம், நீள ரகத்தில் 127. கம்பெனி போட்ட சட்டம் ‘ப’ வடிவத்தில் மடித்த தகடு, ஒரு பக்கம் திறந்தது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் 4 அங்குல உயரம், 2 அங்குல அகலமுள்ள செவ்வகக் குழாய் வாங்குகிறார்கள். தகட்டுக் கனம் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, அதாவது 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

குழாய் ஏன்? ஊதுவத்தி வரும் அட்டைக் குழலை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், அசையாது. நீளவாக்கில் ஒரு கோடு கிழித்துவிட்டு முறுக்குங்கள், துணி மாதிரி திரும்பும். அட்டையின் எடை குறையவில்லை, வாய்தான் திறந்தது. இரும்பிலும் இதே கதை. மேலே சொன்ன அளவில் மூடிய குழாய், அதே கனமுள்ள திறந்த ‘ப’ தகட்டைவிட முறுக்கத்தை நூறு மடங்குக்கும் மேலாகத் தாங்கும். எடை போட்டு இரும்பு வாங்குகிற வியாபாரிக்கு இது விளங்கக் கொஞ்சம் நேரமாகும்!

வேலை வெட்டுவதில் தொடங்குவதில்லை, அளப்பதில் தொடங்குகிறது. ரசமட்டம் பார்த்த கனத்த இரும்பு மேசை மேல் நடுக்கோடு போட்டு, சக்கரமும் டயரும் எந்த உயரத்தில் நிற்கும் என்று முதலில் தீர்மானிக்கிறார்கள். சட்டம் பிறகுதான். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒத்து வந்தால்தான் கோணல் இல்லை என்று அர்த்தம். முதலில் அங்கங்கே புள்ளி வைத்துப் பற்றவைப்பார்கள். பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என மாற்றி மாற்றி வெல்டிங். ஒரே பக்கம் ஓட்டிக்கொண்டு போனால் சூட்டில் இழுத்துக்கொள்ளும். ஒட்டுமிடத்தை நேர்குத்தாக வெட்டாமல் சாய்வாகவோ படிபோலவோ வெட்டி, மேலே சாய்சதுரத் தகடு வைப்பது நல்ல பட்டறையின் அடையாளம். நேர்குத்துக் கோட்டில் பாரமெல்லாம் ஒரே இடத்தில் விழுந்து அங்கேதான் கீறல் விடும்.

சட்டம் மேலே தாண்டியதும் மற்றதெல்லாம் இடம் மாறுகிறது. பின்னாலுள்ள ஷாஃப்ட் உயர்ந்து வண்டியின் தளத்தை இடிக்கும், அதற்கு மேடு கட்ட வேண்டும். ஷாஃப்டின் இரு முனை ஜாயிண்டுகளின் கோணமும் சமமாக இல்லாவிட்டால் வண்டி உதறும். அந்தக் கால சி-10-இல் பெட்ரோல் டாங்கி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே, உள்ளேயே இருந்தது. முதுகுக்குப் பின்னால் பெட்ரோல்! அதைப் பின்புறம் சட்டத்துக்கு நடுவே தள்ளுவது அழகுக்காக மட்டுமல்ல. முன்பக்கத்துக்கு 1974–78 ஃபோர்டு மஸ்டாங் இரண்டின் அமைப்பைப் பின்பற்றிய குறுக்குச் சட்டம் போடுவோர் பலர். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வைத்தால், ஓடும்போது உயர்த்தலாம், நிறுத்தும்போது தரையில் படுக்க வைக்கலாம்.

இங்கேதான் மற்ற ‘சட்டம்’ வருகிறது. சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இருக்கலாகாது என்று கலிபோர்னியாவில் 1950களின் இறுதியில் விதி செய்தார்கள். டயர் வெடித்தால் வண்டி வளையத்தின் மேல்தான் உட்காரும். அப்போது ஸ்டியரிங் பாகம் சாலையில் உராய்ந்தால் உயிர் போகும். ஆனால் அந்த விதி நடைமுறையில் மெக்சிகோ வழி வந்த இளைஞர்கள் மீதே பாய்ந்தது என்ற மனக்குறை நெடுநாள் இருந்தது. 1959-இல் ரான் அகுய்ரே என்பவர் ஆகாய விமான ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி, வேண்டியபோது ஏற்றவும் இறக்கவும் வழி கண்டார். போலீசைக் கண்டால் ஏற்றிக்கொள்ளலாம் அல்லவா! 2023-இல் கலிபோர்னியா சட்டசபை அந்தத் தடையை நீக்கியது. 2024 ஜனவரி முதல் அது இல்லை. விதி போனாலும் நல்ல பட்டறைக்காரர்கள் அந்த அடிவிளிம்புக் கோட்டை விடாமல் பார்க்கிறார்கள். காற்றுப் பை கிழிந்தாலும் சட்டம் அதற்குக் கீழே இறங்காதபடி ரப்பர் தடுப்பு வைக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், வண்டி எண். சி-10-இன் எண் பழைய சட்டத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதில் தானே எண் பொறித்துக்கொள்வது பெருங்குற்றமாகலாம். மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு என்பதால், இரும்பு வாங்குமுன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். நம் நாட்டில் இதற்கு இடம் குறைவு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.