அஞ்சத் தக்கதும் தகாததும்

கன்னடத் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்துவந்த சேதனா ராஜ் என்னும் 21 வயது நடிகை, 2022-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி காலையில், உடற்கொழுப்பைக் குறைத்துக்கொள்ளும் பொருட்டுப் பெங்களூர் ராஜாஜி நகர்ப் பகுதியிலுள்ள தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் சேர்ந்து, அன்று மாலையே நுரையீரலில் நீர் கோத்து உயிரிழந்தார் என்ற செய்தி, அந்நகரத்தாரை வெகுவாகக் கலக்கியது. பெற்றோருக்குத் தெரியாமல், நண்பர்களை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு அவர் போயிருந்தார் என்பது துயரத்தை இன்னும் பெருக்கியது. ராஜாஜி நகரை அடுத்து, தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் முதலிய பேட்டைகளில், சர்க்கரை வியாதியும் மூட்டு வலியும் மிகுந்த ஒருவரிடம் வைத்தியர், "பேரியாட்ரிக் சர்ஜரி செய்துகொள்வது நல்லது" என்று யோசனை சொல்வாரானால், வீட்டிலுள்ள பெரியவர்களின் நினைவுக்கு அந்த நடிகையின் முகமே முதலில் வருவதில் வியப்பில்லை.

அந்த அச்சம் மதிக்கத் தக்கதே. ஆயினும் அது எதைக் குறித்த அச்சம் என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். சேதனா ராஜ் நாடியது அழகுக்காகச் செய்யப்படும் கொழுப்பு நீக்கம். லைபோசக்ஷன் என்று பொதுவாக வழங்கும் அம்முறையில், தோலுக்கு அடியில் குழலைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். இடுப்பின் சுற்றளவை அது குறைக்குமேயன்றி வியாதியைக் குறைப்பதில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், ஸ்தூல சரீரமுடைய 15 பெண்களிடமிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோ கொழுப்பை இவ்வாறு அகற்றிய பின்பும், அவர்களுடைய இன்சுலின் செயற்பாட்டிலோ இரத்த அழுத்தத்திலோ குறிப்பிடத் தக்க நன்மை எதுவும் உண்டாகவில்லை என்று 2004-இல் வெளியிட்டார்கள். பேரியாட்ரிக் சிகிச்சையோ கொழுப்பைத் தொடுவதே இல்லை. அது இரைப்பையையும் குடலையும் மாற்றியமைத்து, பசியையும் சர்க்கரையின் போக்கையும் திருத்த முற்படுவது. நோக்கமும் முறையும் அபாயமும் வேறான இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, ஒன்றுக்காக மற்றொன்றைக் கண்டு நடுங்குவது பொருந்தாது.

அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்டு மேசன் என்ற ரண சிகிச்சை நிபுணர், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்து போவதைக் கவனித்து, அந்தப் பக்கவிளைவையே பருத்தவர்களுக்குச் சிகிச்சையாக்கலாமே என்று கருதி, 1966-இல் பைபாஸ் முறையைத் தொடங்கினார். இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதனைச் சிறுகுடலின் நடுப்பாகத்தோடு நேரே இணைத்துவிடுவது இம்முறை. இன்று அதனினும் மிகுதியாகச் செய்யப்படுவது 'ஸ்லீவ்'. வயிற்றில் நான்கைந்து சிறு துளைகளிட்டு, ஒன்றின் வழியே காமிராவைச் செலுத்தித் திரையில் பார்த்துக்கொண்டே, வெட்டும்போதே வெட்டுவாயைத் தைத்தும் செல்லும் ஸ்டேப்ளர் கருவியால் இரைப்பையை நெடுக்காக அறுத்து, முக்கால் பாகத்துக்கு மேல் வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழ அளவிலான குழல். எடுத்தது எடுத்ததுதான், பின்னாளில் மனம் மாறினாலும் அதைத் திரும்பப் பொருத்த வழியில்லை.

இவ்வளவு தூரம் போவானேன், வாயைக் கட்டினால் போதாதா, வயிற்றை ஏன் வெட்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் கேட்கும் கேள்வி. கேட்பவரின் குரலில் பெரும்பாலும் கேள்வியை விடப் பழியே மிகுதியாக இருக்கும். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தவர்களின் சரீரமோ அந்தக் குறைவை ஒரு பஞ்சமாகவே பாவித்து, செலவழிக்கும் சக்தியைச் சுருக்கி, பசியைத் தூண்டும் சுரப்பைப் பெருக்கி, இழந்த எடையை மீட்கவே ஓயாமல் முயல்கிறது. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்த கிரெலின் என்னும் பசிச் சுரப்பு பெரும்பாலும் உற்பத்தியாவது இரைப்பையின் மேற்புறத்தில். ஸ்லீவ் சிகிச்சையில் அகற்றப்படுவதும் அந்தப் பகுதியே. ஆகவே மன உறுதி இல்லாதவர்கள் தேடும் குறுக்கு வழி இது என்னும் ஏளனம், சரீர தர்மத்தை அறியாமையால் பிறப்பது.

ஆனால் எடை சற்று மிகுந்தவர் எல்லாருக்கும் உரியது அல்ல இந்தச் சிகிச்சை. கிலோவில் கணக்கிட்ட எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணை பி.எம்.ஐ. என்கிறார்கள். மேல்நாட்டார் வகுத்த பழைய அளவுகள் நமக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. புனே நகரத்து வைத்தியர் சித்தரஞ்சன் யாஞ்ஞிக்கும் லண்டன் நகரத்து வைத்தியர் ஜான் யுட்கினும் ஒருங்கே நிற்கும் புகைப்படம் ஒன்றை 'லான்செட்' பத்திரிகை 2004-இல் வெளியிட்டது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3 என்பதாக ஒன்றே. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரின் உடலிலோ 21.2 சதவீதம்! பார்வைக்கு ஒல்லியாகத் தோன்றும் நம்மவர் உள்ளே கொழுப்பைச் சுமக்கிறார்கள் என்பதனால், ஆசியர்களுக்கு அளவுகள் இறக்கி வைக்கப்பட்டன. பி.எம்.ஐ. 37.5-க்கு மேற்பட்டோருக்கும், சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு முதலிய வியாதிகள் கூடியிருப்பின் 32.5-க்கு மேற்பட்டோருக்கும் இச்சிகிச்சை உரியதென்று 2009-இல் இந்திய நிபுணர்கள் வகுத்தார்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்மணிக்கு, முதல் எல்லை 96 கிலோ. இரண்டாவது எல்லை ஏறத்தாழ 83 கிலோ. 2022-இல் சர்வதேச நிபுணர் சங்கங்கள் ஆசியர்களுக்கான எல்லையை 27.5 வரை தளர்த்தியுள்ளன. எல்லைக்குள் வருவதனாலேயே ஒருவர் செய்துகொண்டாக வேண்டும் என்பதில்லை. யோசிக்கத் தகுதி பெற்றார் என்பதே பொருள்.

இனி, எல்லாரையும் வாட்டும் கேள்விக்கு வருவோம்: உயிருக்கு ஆபத்து உண்டா? உண்டு. அமெரிக்க மருத்துவமனைகள் பத்தில், சுமார் 4,800 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூவர். நூற்றுக்கு நால்வர் அளவில் கடுமையான சிக்கலுக்கு உள்ளானார்கள். தையல் வாயில் கசிவு, இரத்தப்போக்கு, காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் செல்லுதல் ஆகியவையே பெரும்பாலும் அஞ்சப்படுபவை. நம் நாட்டில் அரசியல் தலைவர் நிதின் கட்காரி 2011-இல் இச்சிகிச்சை செய்துகொண்டு அரசியல் வாழ்வைத் தொடர்ந்தார். 2014-இல் செய்துகொண்ட அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லியோ, தொற்று ஏற்பட்டுத் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மீண்டும் சேர வேண்டியதாயிற்று. 2024-இல் சென்னைப் புறநகர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்புச் சிகிச்சைக்குச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்ததையடுத்துத் தமிழக அரசு விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. ஆயிரத்துக்கு மூவர் என்ற கணக்கு, பயின்ற கைகளும் முழு வசதிகளும் ஒருங்கே அமைந்த இடங்களிலிருந்து வந்தது. எல்லா இடங்களுக்கும் அது தானாகப் பொருந்திவிடாது.

தராசின் மறு தட்டையும் பார்த்தே தீர வேண்டும். கத்தியின் அபாயம் ஒரு நாளில் கண்முன் நிற்கிறது. பருமனின் அபாயமோ இருபது ஆண்டுகளில் ஓசையின்றி நடப்பதாகையால், அதைக் கண்டு எவரும் இரவில் விழித்திருப்பதில்லை. ஸ்வீடன் தேசத்தில் 1987-இல் தொடங்கி, சிகிச்சை பெற்ற சுமார் 2,000 பேரையும் பெறாத சுமார் 2,000 பேரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஒப்பிட்டுவந்த ஆராய்ச்சியே இவ்விஷயத்தில் தலைசிறந்த சான்று. பெற்றவர்களின் ஆயுள் மற்றவர்களைவிட மூன்று ஆண்டுகள் நீண்டது. ஆயினும் பொதுஜனங்களின் ஆயுளைவிட ஐந்தரை ஆண்டுகள் குறைவாகவே நின்றது. சர்க்கரை வியாதியிலிருந்து இரண்டாம் ஆண்டில் விடுபட்டிருந்தோர் நூற்றுக்கு எழுபத்திருவர். பதினைந்தாம் ஆண்டிலோ முப்பதின்மர். முழு நிவாரணம் என்று விளம்பரம் செய்வோர் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. பயமுறுத்துவோர் முன்பாதியைச் சொல்வதில்லை.

ஆபரேஷன் மேஜையில் கழியும் இரண்டு மணி நேரத்தை எண்ணி நடுங்குகிறவர்கள், அதன் பின் வரும் முப்பது ஆண்டுகளைப் பற்றி யோசிப்பது அரிது. முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு கூழ், பிறகு குழைந்த உணவு என்று படிப்படியாக ஏறி, இறுதியில் வழக்கமான உணவுக்கு வந்தாலும், அளவு இரண்டு மூன்று கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். உண்ணும்போது தண்ணீர் குடிக்கலாகாது. கர்நாடகத்து ராகி முத்தையை எடுத்துக்கொள்ளுங்கள்: உருண்டையிலிருந்து கிள்ளி, சாற்றில் தோய்த்து, பல்லில் படாமல் விழுங்குவதே அதை உண்ணும் முறை. இந்தச் சிகிச்சைக்குப் பின் அது ஆகாது. அந்த ராகியையே கஞ்சியாகவோ மெல்லக் கூடிய ரொட்டியாகவோ மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். சோறே பிரதானமாக உண்டு பழகியவர்கள் முட்டை, பருப்பு, பனீர், மீன் ஆகியவற்றை முதலில் உண்டு, இடமிருந்தால்தான் சோற்றைத் தொடலாம். இரும்பு, கால்சியம், வைட்டமின் பி-12, வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுவதும். சில மாதங்களில் கொத்துக் கொத்தாக முடி உதிர்வதும், பின்னர் அது பெரும்பாலும் நின்றுவிடுவதும் உண்டு. ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் சிலருக்கு நெஞ்செரிச்சல் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பிள்ளைப்பேற்றை விரும்பும் பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரையாண்டு வரை பொறுத்திருக்க வேண்டும். விருந்துக்கு அழைத்து, "இன்னும் ஒரு கரண்டி" என்று வற்புறுத்தும் சுற்றத்தாரை மறுக்கும் சங்கடமும் இந்தப் பத்தியத்தில் சேர்ந்ததே.

கத்திக்கு அஞ்சுவோருக்கு வேறொரு வாயிலும் இன்று திறந்திருக்கிறது. 2025-இல் மௌன்ஜாரோ, வெகோவி என்னும் ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் இவை, வெளிநாட்டுப் பரிசோதனைகளில் சுமார் ஒன்றரை ஆண்டுக் காலத்தில் எடையைச் சராசரியாக வெகோவி ஏறத்தாழ 15 சதவீதமும், மௌன்ஜாரோ உயர்ந்த மருந்தளவில் 20 சதவீதமும் குறைத்தன. ஆனால் வெகோவியை நிறுத்தியோர், ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு முறை வெட்டுவதா, காலமெல்லாம் ஊசியா என்ற கேள்வியில், பணமும் பொறுமையும் வியாதியின் கடுமையும் கலந்தே விடை அமையும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனியார் மருத்துவமனைகளில் சில லட்சம் ரூபாய் ஆகும் இச்சிகிச்சைக்கு, இன்ஷூரன்ஸ் உண்டென்று நம்பிக் கையெழுத்திடுமுன் பாலிசியைப் படித்துவிட வேண்டும். பி.எம்.ஐ. 40, அல்லது கடுமையான துணை வியாதிகளோடு 35 என்பதே இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள எல்லை. நாம் முன்பு சொன்ன பெண்மணி சர்க்கரை வியாதியோடு 85 கிலோ எடையிருப்பாரானால், வைத்தியர் தகுதியுடையவர் என்பார். இன்ஷூரன்ஸ்காரரோ, அந்த உயரத்துக்கு ஏறத்தாழ 90 கிலோ வேண்டுமே என்று கைவிரித்துவிடுவார்.

அச்சத்தை விரட்ட வேண்டியதில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். செய்துகொள்வதா கூடாதா என்பதை வியாதியும் வயதும் பரிசோதனைகளும் தீர்மானிக்கட்டும். எங்கே, யாரிடம், எந்த ஏற்பாடுகளோடு என்பதை அச்சம் தீர்மானிக்கட்டும். கர்நாடகத்தில் தனியார் மருத்துவ நிலையங்கள் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு இந்த ரண சிகிச்சைக்கும் உரியதுதானா என்று கேட்கலாம். வைத்தியர் ஆண்டொன்றுக்கு இத்தகைய சிகிச்சை எத்தனை செய்கிறார், கசிவு நேர்ந்தால் நள்ளிரவில் யார் வருவார்கள், ஐ.சி.யூ. அதே கட்டடத்தில் இருக்கிறதா, மயக்க மருந்து நிபுணர் முன்னதாக வந்து பரிசோதிப்பாரா, மனநல ஆலோசகரும் உணவு நிபுணரும் குழுவில் உண்டா, ஐந்தாம் ஆண்டிலும் இரத்தப் பரிசோதனைக்கு அழைப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விடைகளை எழுதிக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தையும், "இன்றே சேர்ந்தால் தள்ளுபடி" என்னும் இடத்தையும் விட்டு வெளியே வந்துவிடலாம். வீட்டாரில் ஒருவரேனும் உடன் சென்று, வைத்தியர் சொல்வதை நேரில் கேட்பது அவசியம். ஏனெனில் பின்னர் சமையலறையை மாற்ற வேண்டியவர்கள் அவர்களே.

இவ்வளவும் கேட்டபின் ஒருவர் வேண்டாம் என்று தீர்மானித்தால், அதுவும் மரியாதைக்குரிய தீர்மானமே. ஆயினும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கவனியாமல் இருந்துவிடுவதைத் தீர்மானம் என்று அழைக்க முடியாது. மருந்து, உணவுக் கட்டுப்பாடு, நடை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்ற மாற்று வழியை இன்றே தொடங்கி, ஓராண்டு கழித்து எண்கள் இறங்கவில்லையென்றால் மீண்டும் வைத்தியரிடம் உட்கார்ந்து யோசிப்பதாகத் தேதி குறித்துக்கொண்டவருக்கே வேண்டாம் என்று சொல்லும் உரிமை முழுமையாகக் கிடைக்கிறது.