நீல இரத்தமும் ஊசி மருந்தும்



சென்ற விடுமுறையில் சிங்கப்பூரின் பூன் லே வட்டாரத்திற்குச் சென்றிருந்தோம். அங்கு ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த சியூ பூன் லே என்பாரின் பெயரால் அமைந்த ஊர் அது. நம் பள்ளியின் பழைய மாணவி ஒருவர், மடியில் குழந்தையுடன் நம்மிடம், "ஐயா, பிள்ளைக்குப் போடும் ஊசி மருந்து தூயதுதானா என்று எப்படி அறிகிறார்கள்?" என்று வினவினார். அதற்குரிய விடை அத்தீவின் சேற்றிலேயே இருந்தது.

நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். அது உண்மையே. ஆயினும் சில கிருமிகள் மடிந்த பின்னும், அவற்றின் மேலுறையிலுள்ள நஞ்சு கொதிநீரில் அழிவதில்லை. அது இரத்தத்தில் கலந்தால் கடுங்காய்ச்சல் வரும். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். எனவே முற்காலத்தில் மருந்தை முயலுக்குச் செலுத்தி, அதற்குக் காய்ச்சல் வருகிறதா என்று சோதித்தனர்.

பின்னர் உதவிக்கு வந்தது, மலாய் மொழியில் பெலாங்காஸ் எனப்படும் குதிரை லாட நண்டு. பெயரில்தான் நண்டு, உறவோ சிலந்திக்கும் தேளுக்கும். செம்பு கலந்த அதன் இரத்தம் நீல நிறமுடையது. ரப்பர்ப் பாலில் அமிலம் விட்டால் உறைவதுபோல், கிருமி நஞ்சு பட்டதும் அவ்விரத்தம் உறையும். இதனை 1964இல் அமெரிக்க அறிஞர்களாகிய லெவின், பேங் இருவரும் விளக்கினர். மரத்தைச் சீவிப் பால் எடுப்பதுபோல் இவ்வுயிர்களிடம் இரத்தம் எடுத்து, மீண்டும் கடலில் விட்டனர். ஆயினும் அவற்றுள் ஒரு பகுதி இறந்துபோயிற்று.

இதற்கு மாற்றுவழி கண்டவர்கள் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் தம்பதியர். சோற்றை மெல்ல மெல்ல இனிக்கச் செய்வது உமிழ்நீரில் உள்ள நொதி. அதுபோல, நஞ்சை முதலில் உணர்ந்து உறைதலைத் தொடங்கி வைப்பது நண்டின் இரத்தத்திலுள்ள 'ஃபாக்டர் சி' என்னும் நொதி. அதனை ஆக்கும் கட்டளை மரபணுவில் உள்ளது. சிங்கப்பூர்ச் சதுப்புகளில் வாழும் நண்டின் அம்மரபணுவைப் படியெடுத்து, பூச்சியின் உயிரணுக்களுள் இவர்கள் புகுத்தினர். அவ்வுயிரணுக்கள் அதே நொதியை ஆக்கித் தந்தன. மருந்தில் நஞ்சு இருந்தால் இந்நொதி விழித்துக்கொண்டு, உடன் சேர்த்த பொருளை ஒளிரச் செய்யும். கருவி அவ்வொளியை அளக்கும். 2003இல் இது விற்பனைக்கு வந்தது. ஐரோப்பிய மருந்துத் தரநூல் இம்முறையை 2021 முதல் ஏற்றுள்ளது.

நீரிழிவு நோயாளர் போட்டுக்கொள்ளும் மனித இன்சுலினும் இத்தகைய மரபணு முறையில் ஆக்கப்படுவதே. மனித உடலின் நொதிகள் பலவற்றையும் இவ்வாறே ஆக்கி ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துகின்றனர்.

1961 முதல் பூன் லேயை ஒட்டிய ஜூரோங் கரை தொழிற்பேட்டையாக மாறியது. சதுப்புக் காடுகள் சுருங்கின. அத்தகைய சேற்றில் ஊர்ந்த உயிரே நம் குழந்தைகளின் ஊசி மருந்துக்குக் காவல் நின்றது. இன்று அதன் இரத்தத்தைச் சிந்தாமலே அக்காவலைப் பெறும் வழி உண்டு. மாணவர்களே, எளிய உயிர் என்று எதனையும் இகழாதீர், உற்று நோக்குங்கள்!