மண்ணை விற்ற தீவு… ஏல மலைக்கு ஒரு பாடம்!

போடிநாயக்கனூர் உரக்கடைகளிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறும் சரக்கில் டி.ஏ.பி மூட்டையும் இருக்கும். அதில் 18 சதவிகிதம் தழைச்சத்து, 46 சதவிகிதம் மணிச்சத்து. தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துவிடலாம். மணிச்சத்துக்கு அந்த வசதி இல்லை. பாஸ்பேட் பாறையை வெட்டி எடுத்துத்தான் அதைத் தயாரிக்க வேண்டும். இந்தியாவில் அந்தப் பாறை குறைவு என்பதால் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது.

அந்தப் பாறையை விற்றே ஒரு காலத்தில் பணக்கார நாடுகளின் வரிசையில் நின்றது, பசிபிக் பெருங்கடலில் உள்ள நவூரு என்ற குட்டித் தீவு. இந்திய விவசாயிகளோடும் அதற்கு ஓர் உறவு உண்டு. ஒடிசா கடற்கரையில் இருக்கும் பாரதீப் பாஸ்பேட்ஸ் உர நிறுவனத்தை 1981-ம் ஆண்டு இந்திய அரசு கூட்டாகத் தொடங்கியது இந்த நவூருவோடுதான். 1993-ல் நவூரு அதிலிருந்து விலகிக்கொண்டது. அப்படி இந்திய உர ஆலையிலேயே பங்கு வைத்திருந்த நாட்டில், இன்று காய்கறி பயிரிடக்கூடப் போதுமான மண் இல்லை.

ஓர் ஊர் அளவில் ஒரு நாடு

நவூருவின் மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். ஏக்கர் கணக்கில் சுமார் 5,200. மக்கள்தொகை 12,000 அளவில்தான் இருக்கும். 2011 கணக்கெடுப்பின்படி போடி நகராட்சியில் மட்டும் 75,000 பேருக்கு மேல் வசிக்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். உலகின் மிகச் சிறிய தீவு நாடு இதுதான். தலைநகர் என்று அறிவிக்கப்பட்ட ஊர் கிடையாது. யாரென் என்ற வட்டாரத்தில் நாடாளுமன்றம் இயங்குகிறது.

உலகிலேயே வெளிநாட்டுப் பயணிகள் மிகக் குறைவாக வந்துபோகும் நாடுகளில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து புறப்படுபவர்கள் முதலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து நவூரு ஏர்லைன்ஸ் விமானத்தில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் கடல் மீது பறக்க வேண்டும். விசாவை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். செலவுக்கு ஆஸ்திரேலிய டாலர்.

விமான ஓடுபாதை கடலோரத்திலேயே நீண்டு கிடக்கிறது. விமானம் இறங்கும்போது பக்கத்துச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். தீவைச் சுற்றி ஒரே சாலை, சுமார் 19 கிலோமீட்டர். போடியிலிருந்து தேனிக்குப் போகும் தூரத்தைவிடச் சற்றே கூடுதல். கடலோரத்தில் மட்டும் ஒடுங்கிய பட்டையாகத் தென்னையும் தாழையும் நிற்கின்றன. வீடுகள் எல்லாம் அங்கேதான். உள்ளே புவாடா என்ற சிறிய குளம். சுற்றிலும் தென்னை, வாழை. முன்பு குடும்பம் குடும்பமாக அந்தக் குளத்தைப் பங்கு பிரித்து, கடலில் பிடித்த பால்கெண்டைக் குஞ்சுகளை விட்டு வளர்த்துச் சாப்பிட்டார்கள். தீவில் ஆறு கிடையாது. மழைநீர்த் தொட்டியும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும்தான் தண்ணீருக்கு வழி.

புவாடாவைத் தாண்டி மேட்டில் ஏறினால் காட்சி மாறிவிடும். தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலம் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளாகக் கிடக்கிறது. உச்சி வெயிலில் அந்தப் பாறைகள் கொதிக்கும். ஏர் பூட்ட முடியாது, மண்வெட்டி இறங்காது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் விட்டுப்போன பீரங்கிகள் இன்னும் அந்த மேட்டில் துருப்பிடித்து நிற்கின்றன.

கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

சிட்னி நகரத்தில் பசிபிக் தீவுகளோடு வியாபாரம் செய்த ஒரு கம்பெனியின் அலுவலகத்தில், கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். நவூருவிலிருந்து வந்த கல் அது. அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் சந்தேகப்பட்டு அதைச் சோதித்துப் பார்த்தார். உயர்தரமான பாஸ்பேட்! ஆண்டு 1900. அடுத்த சில ஆண்டுகளில் தோண்டும் வேலை ஆரம்பமானது. ஆரம்ப காலத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்குக் கிடைத்தது டன்னுக்கு அரைப் பென்னிதான்.

அப்போது நவூரு ஜெர்மனியின் வசம் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து சுரங்கத்தை நடத்தின. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேய்ச்சல் நிலங்களும் வயல்களும் அந்த உரத்தில் செழித்தன. ஒரு தீவின் நிலம் கப்பல் கப்பலாக வேறு நாடுகளின் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வந்த பணமும் போன பணமும்

1968 ஜனவரி 31-ல் நவூரு விடுதலை பெற்றது. 1970-ல் சுரங்கம் சொந்தக் கைக்கு வந்தது. பணம் கொட்டியது. மக்களுக்கு வருமான வரி கிடையாது. சொந்த விமான நிறுவனம் வந்தது. மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம் எழும்பியது. பாறை ஒருநாள் தீரும் என்று தெரிந்து, பின்னாளுக்காக அறக்கட்டளை நிதியும் சேர்த்தார்கள். ஆனால், அந்த நிதி தவறான முதலீடுகளிலும் கடனிலும் கரைந்தது. 2004-ல் அந்தக் கட்டடம் கைமாறியது. அடுத்த ஆண்டே, எஞ்சியிருந்த ஒரே விமானத்தையும் கடன் கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

விடுதலைக்கு முன் தோண்டிக் கெடுத்த நிலத்துக்கு நஷ்டஈடு கேட்டு, 1989-ல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் நவூரு வழக்குப் போட்டது. 1993-ல் சமரசம் ஏற்பட்டு, 107 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் தர ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் சீரான நிலம் கொஞ்சம்தான்.

வருமானம் வற்றிய பிறகு, ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வரும் அகதிகளைத் தன் தீவில் தங்கவைத்துப் பணம் பெறும் நிலைக்கு நவூரு வந்தது. இலங்கையிலிருந்து படகில் புறப்பட்ட 80-க்கும் மேற்பட்டவர்கள் 2007-ல் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பாலும் தமிழர்கள். அந்தத் தீவைத் தமிழர்கள் பார்க்க நேர்ந்தது இப்படித்தான்.

தட்டில் ஏறிய டப்பா

மீனும் தேங்காயும் தாழம்பழமும் உண்டு வாழ்ந்தவர்கள், பணம் வந்ததும் கப்பலில் வரும் அரிசி, டப்பா இறைச்சி, சர்க்கரைக்கு மாறினார்கள். விளைவிக்க மண் இல்லாததால், பணம் போன பிறகும் திரும்பி வர முடியவில்லை. உடல்பருமனும் நீரிழிவும் உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் இன்று நவூருவும் ஒன்று. தைவான் வேளாண் வல்லுநர்கள் அங்கே பல ஆண்டுகள் காய்கறித் தோட்டமும் கோழிப் பண்ணையும் நடத்திக் காட்டினார்கள். 2024-ல் தைவானுடனான உறவை நவூரு முறித்துக்கொண்டதும் அந்தப் பணி நின்றது.

இப்போது கடல் மட்டம் உயர்கிறது. கரையோர வீடுகளை மேட்டுக்கு மாற்றியாக வேண்டும். அந்த மேடுதான் தோண்டிப் போட்ட பாறைக்காடு! அதைச் சமப்படுத்திக் குடியேறப் பணம் திரட்ட, 2025-ல் வெளிநாட்டவருக்குக் குடியுரிமை விற்கத் தொடங்கியிருக்கிறது நவூரு. தொடங்கியபோது ஒருவருக்கு 1,05,000 அமெரிக்க டாலர். முதலில் மண்ணை விற்ற நாடு, அந்த மண்ணைத் திரும்ப உண்டாக்கக் குடியுரிமையை விற்கிறது.

ஏல மலை கவனிக்க வேண்டியது

போடிமெட்டு, குரங்கணி, கொட்டகுடிச் சரிவுகளில் யாரும் சுரங்கம் தோண்டவில்லை. ஆனால், கனமழை நாளில் ஓடையில் செம்மண் நிறத்தில் தண்ணீர் இறங்குகிறதே, அது தோட்டத்தின் மேல்மண்தான். அதற்கு விலைகூடக் கிடைப்பதில்லை. ஏலத்தின் வேர் ஆழமாக இறங்காது, மேல்மண்ணிலேயே பரவும். மேல்மண் போனால் எத்தனை மூட்டை உரம் போட்டாலும் செடிக்குப் பிடிமானம் இல்லை. ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேலாகும். 2018 ஆகஸ்ட் பெருமழையில் இடுக்கி மாவட்டத்தில் பல இடங்களில் சரிவுகளே பெயர்ந்து இறங்கியதை இந்தப் பகுதி விவசாயிகள் மறந்திருக்க முடியாது.

ஏலத்துக்கு நல்ல விலை கிடைக்கும் ஆண்டில் நிழல் மரத்தைக் கழித்து, களைக்கொல்லி அடித்து, நிலத்தை வெறுமையாக்கி, கூடுதலாக எடுத்துவிடலாம் என்று தோன்றும். நவூருவுக்கும் நல்ல விலைக் காலம் ஒன்று இருந்தது.

சரிவில் மண்ணைப் பிடித்து வைக்க…

* களையை மண்வெட்டியால் கொத்த வேண்டாம். அரிவாளால் அறுத்து, செடியைச் சுற்றி மூடாக்காகப் போடவும்.

* சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் நீர்பிடிப்புக் குழிகள் எடுக்கவும். குழிகளுக்குக் கீழ்வரிசையில் வெட்டிவேர் நடவும்.

* தென்மேற்குப் பருவமழைக்கு முன் நிழல் மரத்தின் கிளைகளை மட்டும் கழிக்கவும். மரத்தை அடியோடு வெட்ட வேண்டாம். கழித்த இலையும் சிறு குச்சியும் தோட்டத்திலேயே கிடக்கட்டும்.

* ஏல மலை மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை கொண்டது. அதில் போடும் மணிச்சத்தில் ஒரு பங்கு, மண்ணில் உள்ள இரும்பு, அலுமினியத்தோடு கட்டுண்டு செடிக்குக் கிடைக்காமல் போகும். மண்ணைப் பரிசோதித்து, பரிந்துரைத்த அளவு சுண்ணாம்பு இடவும். சுண்ணாம்பையும் உரத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது. சில வாரங்கள் இடைவெளி வேண்டும்.

* மட்கிய தொழுவுரத்தோடு பாஸ்போபாக்டீரியா கலந்து இட்டால், மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தின் ஒரு பகுதி செடிக்குக் கிடைக்கும். டி.ஏ.பி செலவையும் குறைக்கப் பார்க்கலாம்.

* ஆலோசனைக்கு மைலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தையும், பாம்பாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம்.