ஃபட்ணவீஸ்: அலுவற்பெயர் குடும்பப்பெயரான வரலாறு

மராத்திக் குடும்பப்பெயர்களுள் இருவகை எளிதில் அடையாளம் காணத்தக்கவை. ஊர்ப்பெயருடன் ‘கர்’ சேர்ந்து அமைவன ஒருவகை. புனேயை அடுத்த வாகட் என்னும் ஊரின் பெயரால் அமைந்த வாகட்கர் இதற்குச் சான்று. அரசு அலுவலின் பெயரே குடும்பப்பெயராக நிலைத்தவை மற்றொரு வகை. ஃபட்ணவீஸ், சிட்ணீஸ், பாரஸ்னீஸ், முஜும்தார், இனாம்தார் ஆகியவை இவ்வகையின. இவற்றுள் பல, அரபு வேரும் பாரசீக விகுதியும் கூடிய கலப்புத் தொடர்கள். இவற்றின் ஆக்கத்தையும் தமிழில் இவற்றைக் கையாளும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லாக்கம்

‘ஃபர்த்’ என்னும் அரபுச் சொல்லுக்குத் தனி, ஒற்றை என்பன பொருள். துருக்கியில் இச்சொல் ‘ஃபெர்த்’ என்றாகித் தனிமனிதனைக் குறிக்கிறது. பாரசீகத்தில் அது ஒற்றைத்தாள், பட்டியல் என்னும் பொருள்களையும் பெற்றது. ‘எழுதுபவர்’ எனப் பொருள்படும் பாரசீக ‘நவீஸ்’ அதனுடன் சேர, ‘பட்டியல் எழுதுபவர்’, அதாவது கணக்கு அலுவலர், என்னும் பதவிப்பெயர் பிறந்தது.

மராத்தியில் இத்தொடர் மூன்று மாற்றங்களை அடைந்தது. முதலாவது, ரகரம் மறைந்து அதனை அடுத்த பல்லொலி டகரமாயிற்று. இரண்டாவது, அந்த டகரத்தின் சார்பால் ‘நவீஸ்’ என்பதன் நகரம் ணகரமாயிற்று. சிட்டி எழுதுபவரைக் குறிக்கும் ‘சிட்ணீஸ்’ என்பதிலும் டகரத்தின் பின் ணகரமே வருகிறது. பாரசீகம் எழுதுபவரைக் குறிக்கும் ‘பாரஸ்னீஸ்’ என்பதில் அத்தகைய சார்பு இன்மையால் ணகரம் தோன்றவில்லை. மூன்றாவது, ‘நவீஸ்’ பல பெயர்களில் ‘னீஸ்’ எனக் குறுகிற்று. ‘ஃபட்ணீஸ்’ என்னும் வடிவமும் இவ்வாறு எழுந்ததே.

பதவியிலிருந்து பெயருக்கு

பேஷ்வா ஆட்சியில் புகழ்பெற்ற நானா ஃபட்ணவீஸின் (1742–1800) இயற்பெயர் பாலாஜி ஜனார்தன், குடும்பப்பெயர் பானு. வரலாற்றில் நிலைத்ததோ அவர் வகித்த பதவியின் பெயர். பதவி வழிவழியாகக் குடும்பத்தில் தொடர்ந்தமை இத்தகைய மாற்றத்திற்கு வழிவகுத்தது.

1674இல் சிவாஜி முடிசூடியபின் பதவிப்பெயர்களைச் சமஸ்கிருதமயமாக்கும் முயற்சி நடந்தது. முஜும்தார் ‘அமாத்யர்’ என்றும், வாக்னீஸ் ‘மந்திரி’ என்றும் வழங்கப்பட்டனர். அதன்பின்னும் அரபு–பாரசீக வடிவங்கள் குடும்பப்பெயர்களாக வாழ்ந்து வருகின்றன. ஆணையால் பதவியின் பெயரை மாற்றலாம். குடியின் பெயரை மாற்றுதல் அத்துணை எளிதன்று.

துருக்கிய ஒப்புமை

நிகழ்ச்சியைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்த ‘வாக்னீஸ்’ என்பதற்கு இணையான சொல், உதுமானியத் துருக்கியில் ‘வகாநுவிஸ்’ என வழங்கியது. அங்கு அவர் அரசவை வரலாற்றாசிரியர். மராட்டிய அரசிலோ அரசரின் அன்றாட நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து, அரண்மனைச் செய்திகளையும் கவனித்தவர். ஒரே தொடர் இரு ஆட்சிகளில் இருவேறு பொருள் பெற்றது.

துருக்கியின் 1934ஆம் ஆண்டுக் குடும்பப்பெயர்ச் சட்டம், பதவி, அலுவல் ஆகியவற்றின் பெயர்களைக் குடும்பப்பெயராகச் சூட்டுவதைத் தடைசெய்தது. ஆயினும் அரபு வேர்கள் முற்றிலும் நீங்கிவிடவில்லை. ‘எழுத்தர்’ எனப் பொருள்படும் அரபுக் ‘காத்திப்’, துருக்கிய ‘ஓலு’ (மகன்) என்பதுடன் சேர்ந்த ‘காத்திபோலு’ இன்றும் வழங்கும் குடும்பப்பெயராகும். மராத்தியில் பதவியே பெயராயிற்று. துருக்கியில் அதன் வழித்தோன்றலாகப் பெயர் அமைந்தது.

மொழிபெயர்ப்பில் கருத வேண்டியவை

தமிழ்ச் செய்தித்தாள்களில் ‘பட்னாவிஸ்’ என்னும் வடிவம் காணப்படுகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழி வந்த இவ்வடிவில் ணகரம் னகரமாகவும், குறில் நெடிலாகவும், நெடில் குறிலாகவும் மாறிவிட்டன. ஆங்கிலம் வேறுபடுத்த இயலாத ணகரத்தைத் தமிழ் எழுத்து இயல்பாகவே வேறுபடுத்த வல்லது. ஆதலின் மராத்தி வடிவத்தை நேரே நோக்கி ‘ஃபட்ணவீஸ்’ என எழுதுவதே பொருந்தும்.

பொருளைப் பெயர்ப்பதிலும் கவனம் தேவை. பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணத்தில் இச்சொல் பதவியைக் குறிப்பின் ‘கணக்கு அலுவலர்’ என விளக்குதல் தகும். இக்காலத்தவரின் பெயராக வரின் பெயர்த்தல் ஆகாது. தாசில்தார், டபேதார் முதலிய சொற்களும் அரபு வேரும் பாரசீகத் ‘தார்’ விகுதியும் கொண்டவையே. எனினும் தமிழில் அவை பதவிப்பெயர்களாகவே வழங்குகின்றன. ஆக்கம் ஒன்றாயினும், ஒவ்வொரு மொழிச் சமூகத்திலும் சொல் பெற்ற பயனே மொழிபெயர்ப்பாளரின் தெரிவை உறுதிசெய்ய வேண்டும்.